முத்திரை இல்லாத வெள்ளி

சிராங்கூன் ரோட்டில் இன்று வெள்ளிச் சொம்போ விளக்கோ வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே பொருளைக் கவிழ்த்து அடியைப் பார்க்கிறார்கள். 925 என்ற எண்ணோ இந்திய ஹால்மார்க்கோ கண்ணில் பட்டால்தான் மனம் சமாதானமாகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே வட்டாரத்தில் வெள்ளி வாங்கிய தமிழர்களுக்கு அடியில் எதுவும் இருக்காது என்று தெரியும். எந்தப் பத்தர் செய்தது, எத்தனை ரூபாய் எடை என்ற இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அவர்களுக்குப் போதும்.

அப்படி வாங்கிய வெள்ளிதான் இப்போது பேரப்பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் பூஜை அலமாரியில் கறுத்துக் கிடக்கும் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் சொம்பு, குழந்தைக்குப் பால் புகட்டிய பாலாடை. முத்திரை இல்லாததால் முதலில் “இது வெள்ளிதானா?” என்ற சந்தேகம் வருகிறது. சந்தேகம் தீர்ந்ததும் கிராம் என்ன விலைக்குப் போகும் என்ற கணக்கு வந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

முத்திரை ஏன் இல்லை என்பதிலிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்தில் வெள்ளியைச் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்த வேண்டும் என்ற சட்டம் 1300ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதே ஆங்கிலேயர்கள் இந்தியாவை ஆண்டபோது அங்கே அப்படி ஒரு கட்டாயத்தைக் கொண்டுவரவில்லை. மதராஸின் பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற பெரிய கடைகள் வெள்ளைக்கார வாடிக்கையாளர்களுக்கு விற்ற தெய்வ உருவங்கள் புடைத்த ‘சுவாமி’ வேலைப்பாட்டு வெள்ளியில் தங்கள் பெயரைத் தாங்களே குத்திக்கொண்டன. சிங்கப்பூர், மலாக்கா, பினாங்குச் சீனப் பட்டறைகள் பல, கடைப்பெயரைச் சீன எழுத்தில் குத்தின. தெரிந்த பத்தரிடம் நேரே கொடுத்துச் செய்து வாங்கிய குடும்பத்துக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. ஆகவே அடியில் ஒன்றுமே இல்லாத பழைய பாத்திரம் கைக்கு வந்தால், அது கடையில் காட்சிக்கு வைத்து விற்றதல்ல, ஒரு வீட்டுக்காகச் சொல்லிச் செய்தது என்ற ஊகத்தோடு தொடங்கலாம். பெரும்பாலும் அந்த ஊகம் பொய்க்காது.

அந்தக் காலத்தில் வெள்ளி வந்த வழி நாணயம். 1835இல் வந்த கம்பெனி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. சிங்கப்பூர் 1867 வரை இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டாலும், இங்கே கடைத்தெருவில் செல்வாக்கு ஸ்பானிய டாலருக்கும் மெக்சிகோ டாலருக்கும்தான். மெக்சிகோ டாலர் ஏறக்குறைய 27 கிராம், வெள்ளி 90 சதவீதத்துக்குச் சற்று மேல். சிங்கப்பூர், மலாக்கா, பினாங்குக்கென 1903இல் வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரிலும் 90 சதவீதம். வீட்டுக்காரர் காசுகளை எண்ணிக் கொடுப்பார். பத்தர் அவற்றை மூசையில் உருக்கி, பட்டறையில் தட்டித் தகடாக்கி, பாத்திரமாக எழுப்பி, எடை போட்டுத் திருப்பிக் கொடுப்பார். செய்கூலியும் சேதாரமும் தனி. தரத்துக்கு உத்தரவாதம் அரசாங்கம் அடித்த காசுதான். அதைத் தராசின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்ட பிறகு முத்திரைக்கு என்ன வேலை?

இதனால்தான் முத்திரையில்லாத பாத்திரத்தைப் பார்க்கும்போது தராசு முக்கியமாகிறது. 116, 117 கிராம் இருக்கிற கிண்ணம் பத்து ரூபாய் எடை. 290 கிராம் சொம்பு இருபத்தைந்து ரூபாய் எடைக்கு மிக அருகில் வரும். எடை இப்படி ரூபாய்க் கணக்கில் முழுதாக விழுந்தால், ரூபாய் புழங்கிய ஊரில், ரூபாயை எடைக்கல்லாக வைத்த பத்தர் கையில் அது பிறந்திருக்கலாம். எல்லாம் அப்படி விழாது. தேய்மானம் உண்டு, பழுதுபார்த்தபோது பற்றவைத்த வெள்ளி உண்டு. ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பழைய வெள்ளியை எடைபோட்டு முடிப்பது பாதி வேலைதான்.

முத்திரைக்குப் பதில் நம் பாத்திரங்களில் வேறொன்று இருக்கும்: பேர் வெட்டு. எவர்சில்வரில் இன்றும் பார்க்கிறோம். வெள்ளியில் அது இன்னும் கவனமாக, புள்ளி புள்ளியாக, விளிம்புக்குக் கீழோ அடியின் ஓரத்திலோ இருக்கும். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுச் சாமான் என்றால் தலைமுறை வரிசையாக முதலெழுத்துகள் அடுக்கி வரும். சிலவற்றில் எடையையும் தமிழ் எண்ணில் வெட்டியிருப்பார்கள். எழுத்தின் வடிவமே காலம் சொல்லும். ‘லை’, ‘னை’ போன்றவற்றில் பழைய வளைந்த கொம்பும், ‘றா’, ‘னா’வில் பழைய சுழியும் இருந்தால், 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய வழக்கம் அது. அதற்குப் பிறகும் சில கைகள் பழைய எழுத்தை விடவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பெயர் வெட்டியது சீர் கொடுத்தபோது. பாத்திரம் செய்தது அதற்கு ஒரு தலைமுறை முன்பாகவும் இருக்கலாம். வெட்டின் பள்ளத்தில் அழுக்கும் தேய்மானமும் பாத்திரத்தின் மற்ற இடங்களோடு ஒத்துப்போகிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த காலத்தில் பேர் வெட்டைப் படித்துக் குடும்பத்தையே சொல்லிவிடக்கூடியவர்கள் இருந்தார்கள். அந்த வணிகம் சிங்கப்பூரோடு நிற்கவில்லை. ரங்கூன், மலாயா, கொழும்பு, காரைக்குடி என்று விரிந்து கிடந்தது. அதனால் பர்மியக் கிண்ணங்கள் செட்டிநாட்டு வீடுகளுக்கும் இந்தத் தீவுக்கும் வந்து சேர்ந்தன. ஆழமாகத் தட்டி எழுப்பிய மனித உருவங்கள், புத்தரின் முற்பிறவிக் கதைகள், கனத்த சுவர் என்று பர்மிய வெள்ளியை அடையாளம் காணலாம். அதிலும் பெரும்பாலும் தர முத்திரை கிடையாது. கிட்டங்கிகள் 1970களின் நகர மறுசீரமைப்பில் போயின. செட்டியார்களின் டேங் ரோடு தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் இன்றும் கியோங் சைக் ரோடு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறது. ரதம் பார்க்க நிற்கிற கூட்டத்தில், தம் வீட்டுச் சொம்பில் வெட்டியிருக்கும் முதலெழுத்துகளை விரித்துச் சொல்லக்கூடிய இளைஞர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கு ஒவ்வொரு வருஷமும் தோன்றும்.

பழைய வெள்ளியை அடையாளம் காண்பதில் சிங்கப்பூர், மதுரையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வேறுபடுகிறது. இது துறைமுகம். முத்திரையில்லாத ஒரு வெள்ளிச் சிமிழ் இங்கே கிடைத்தால் அது தமிழர் வீட்டுச் சுண்ணாம்புக் கரண்டகமா, மலாய்க்காரர் வெற்றிலைத் தட்டில் வைக்கிற செம்புலா என்று உடனே சொல்ல முடியாது. இரண்டும் உருண்டை, இரண்டுக்கும் மூடி, இரண்டிலும் சுண்ணாம்பு அரித்த தடம். மலாய் வேலையில் தாமரை இதழும் கொடியும் வடிவியல் கோலங்களும் வரும். மனித உருவம் வராது. மயிலோ யாளியோ தெய்வமோ இருந்தால் நம் பக்கம் சாயலாம். ஃபீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் தங்க முலாமும் இருந்தால் பெரானாக்கான் (ஸ்ட்ரெய்ட்ஸ் சீனர்) வீடு. சிறுமிகளுக்கு இடுப்பில் கட்டிய அரைமுடி அதைவிடச் சிக்கல். இதய வடிவத்தில், அரசிலை மாதிரி, வெள்ளியில் செய்த அதே பொருளை மலாய்க்காரர்கள் ‘சாப்பிங்’ என்று கட்டினார்கள்.

அலங்காரத்தை மட்டும் வைத்துச் செய்தவர் யார் என்று முடிவுகட்டுவது தவறு என்பேன். பெரானாக்கான் பெண்களான நோன்யாக்கள் சட்டையில் குத்தும் கெரோசாங் ஊசிகளைச் சீனர்கள் மட்டும் செய்யவில்லை. இந்தியப் பத்தர்களும் சிங்களப் பத்தர்களும் செய்தார்கள். இலங்கையிலிருந்து வந்த பி. பி. டி சில்வா இங்கே நகைக்கடை தொடங்கியது 1872இல். மலாக்கா செட்டிகள் தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள், பேச்சில் மலாய், வழிபாட்டில் சைவம். அவர்கள் வீட்டு வெள்ளியில் தமிழ், மலாய், சீனம் என்ற மூன்று மரபும் சேர்ந்தே இருக்கும். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் அந்தச் சமூகத்துக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. எழுத்து, பூ, பறவை இவற்றைப் பார்த்தபின், மூடியைத் திறந்து உட்புறத்தையும் பற்றவைத்த இடத்தையும் பார்க்க வேண்டும். அலங்காரம் வாங்குகிறவர் விருப்பம். உட்புறம் செய்தவர் பழக்கம்.

உட்புறத்தில் என்ன பார்ப்பது? கையால் எழுப்பிய பாத்திரத்தில் சுத்தியல் தடம் சமமில்லாமல் ஓடும். சுவர் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அடியின் நடுவில் கவராயம் ஊன்றிய ஒரு புள்ளி இருக்கலாம். இயந்திரத்தில் சுழற்றிச் செய்ததில் ஒரே சீரான வட்டக்கோடுகள் தெரியும். கையால் செய்த மூடி பல நேரம் ஒரே நிலையில்தான் சரியாகப் பொருந்தும். பொருத்தம் தெரிவதற்காக மூடியிலும் வாயிலும் பத்தர் ஒரு சிறு கீறல் போட்டிருப்பார். என் அத்தை எந்தச் சிமிழை எடுத்தாலும் முதலில் அந்தக் கீறலைத்தான் தேடுவார். தேய்மானம் விரல் படும் இடங்களில், குமிழிலும் விளிம்பிலும் அடிவளையத்திலும் இருக்க வேண்டும். பள்ளங்களிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால், பழையது போலக் காட்டச் செய்த வேலை அது.

போர்க்காலத்தில் வீட்டு வெள்ளிக்குப் பெரிய சோதனை வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிறகு நகையும் பாத்திரமும் அரிசிக்காகக் கை மாறின. 1943இல் சுபாஸ் சந்திர போஸ் வந்தபோது பெண்கள் நகைகளைக் கழற்றி இந்திய தேசிய ராணுவத்துக்குக் கொடுத்தார்கள். அதையெல்லாம் தாண்டி மிஞ்சியவை 1960க்குப் பின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. இடம் சுருங்கியது. எவர்சில்வர் வந்தது. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி ஓர் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது பல நாடுகளில் பழைய வெள்ளி மூட்டை மூட்டையாக உலைக்குப் போயிற்று. சேகரிப்பாளர்கள் அக்கறையோடு பார்க்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஹோ விங் மெங் எழுதிய ஸ்ட்ரெய்ட்ஸ் சீன வெள்ளி பற்றிய வழிகாட்டி நூல் 1976இல் வந்தது. பெரானாக்கான் வெள்ளிக்கு அப்படி ஒரு நூலும், பின்னால் 2008இல் ஓர் அருங்காட்சியகமும் கிடைத்தன. இந்த ஊர்த் தமிழ் வீட்டு வெள்ளிக்கு அதேபோல ஒரு வழிகாட்டி இன்னும் எழுதப்பட வேண்டும்.

இன்றைக்கு வருவோம். லிட்டில் இந்தியாவில் இப்போது விற்கிற வெள்ளியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து செய்முடித்து வருவது: சேலம் கொலுசு, பூஜைச் சாமான், பரிசுத் தட்டு. இந்தியாவில் வெள்ளிக்கு ஹால்மார்க் 2005இல் வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து ஹால்மார்க் செய்த ஒவ்வொரு உருப்படிக்கும் தனி அடையாளக் குறியீடும் சேர்ந்திருக்கிறது. கல்லில் உரைத்து, அமிலம் தொட்டு, கண்ணால் மாற்றுச் சொன்ன பத்தரின் இடத்தில் நகைக்கடையிலும் அடகுக்கடையிலும் எக்ஸ்ரே கருவி உட்கார்ந்திருக்கிறது. பொருளைக் கீறாமல், சில நொடியில், வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று சொல்லிவிடும். இது நல்ல மாற்றம். பத்தரின் கண் எவ்வளவு தேர்ந்ததானாலும் 90க்கும் 92க்கும் உள்ள வித்தியாசத்தைக் கல்லில் அறுதியிட்டுச் சொல்வது கடினம். ஏமாற்றுக்கும் அன்று இடம் இருந்தது.

ஆனால் கருவி சொல்வதைப் படிக்கத் தெரிய வேண்டும். அந்தக் கதிர் பார்ப்பது மேற்பரப்பை மட்டும். ஒரு தலைமுடியின் பருமனைத் தாண்டாத ஆழம். பத்தர் பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் புளியிலோ அமிலத்திலோ போட்டு வெளுக்க வைக்கும்போது மேல்பரப்பில் உள்ள செம்பு கரைந்து வெள்ளி மட்டும் நிற்கும். ஆகவே கருவி 95 என்று காட்டும் பழைய கிண்ணத்தின் உள்ளே 90 இருக்கலாம். கனமான முலாமும் கருவியை ஏமாற்றும். அதே சமயம் திரையில் கடைசி வரியில் வரும் சிறு எண்களைக் கவனியுங்கள். வெள்ளியோடு சிறிதளவு தங்கமும் ஈயமும் தெரிந்தால் அது நல்ல தடயம். 1884இல் வந்த மோபியஸ் முறைபோல மின்சாரத்தால் சுத்திகரிக்கும் வழிகள் பரவுவதற்கு முன், வெள்ளியில் கலந்திருந்த சொற்பத் தங்கத்தை முழுவதும் பிரித்தெடுப்பது பல நேரம் கட்டுப்படியாகவில்லை. பழைய வெள்ளி அதைச் சுமந்துகொண்டே வந்தது. பழைய காசை உருக்கி நேற்றுச் செய்த பொருளிலும் அது இருக்கும் என்பதால் இது மட்டுமே சான்றாகாது. மற்ற அடையாளங்களோடு சேர்ந்தால் பலம்.

கருவி இல்லாமலும் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கிராமின் தசமத்தையும் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், நூல் போதும். முதலில் பொருளைக் காய்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, பொருளை நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் பிடியுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு. முதல் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. நல்ல காசு வெள்ளி 10.3 அளவில் வரும். ஜெர்மன் சில்வர் எனப்படும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை 8.7ஐத் தாண்டாது. 116 கிராம் கிண்ணம் வெள்ளியானால் 11.3 கிராம் காட்டும். ஜெர்மன் சில்வரானால் 13க்கு மேல் காட்டும். உள்ளே அரக்கு அடைத்ததற்கும் கல் பதித்ததற்கும் காற்று அடைபட்ட கூடுகளுக்கும் இது பொருந்தாது. தட்டு, கிண்ணம், சொம்பு என்றால் தைரியமாக நம்பலாம்.

அமிலச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். கறை நிரந்தரமாகத் தங்கும், கைக்கும் ஆபத்து. தேய்ப்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. விபூதி போட்டு மென்துணியால் துடைத்த நம் பாட்டிகள் பாத்திரத்துக்குச் செய்த சேதம் குறைவு. இன்று அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் கொதிநீரும் போட்டு ஐந்து நிமிஷத்தில் பளபளக்க வைக்கிறார்கள். அது வேலைப்பாட்டின் பள்ளங்களில் தங்கியிருந்த கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். நகாசு வேலைக்கு ஆழத்தைக் காட்டுவதே அந்தக் கறுப்புதான். பேர் வெட்டின் காலத்தைச் சொல்லும் அழுக்கும் அதோடு போய்விடும். ஆராய்ந்து முடிக்கும் வரை பழைய வெள்ளியை அப்படியே விட்டுவைப்பது நல்லது.

2025 அக்டோபரில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரைத் தாண்டியது. 1980இல் நடந்தது போலவே பழைய பாத்திரங்கள் மறுபடி உலையை நோக்கி நகரும். சிங்கப்பூரில் 2012 முதல் பொருள் சேவை வரியிலிருந்து விலக்கு பெற்றிருப்பது 99.9 சதவீதச் சுத்தமுள்ள முதலீட்டு வெள்ளிக் கட்டிகளும் குறிப்பிட்ட நாணயங்களும்தான். சொம்பையும் சிமிழையும் உலோக முதலீடாக நினைப்பவர் கட்டியை வாங்கிக்கொள்ளலாம். சொம்பு அதற்கானது அல்ல. கடைக்காரரின் தராசும் கருவியும் அவற்றின் உலோகத்துக்கு மட்டும் விலை சொல்லும். பேர் வெட்டுக்கும் கைவேலைக்கும் கடல் கடந்து வந்த கதைக்கும் அங்கே மதிப்பு கிடையாது. அதற்கு மதிப்புக் கொடுக்கிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்: அருங்காட்சியகக் காப்பாளர்கள், சேகரிப்பாளர்கள், அதே குடும்பத்தின் இன்னொரு கிளை.

உங்கள் வீட்டில் முத்திரையில்லாத வெள்ளி இருந்தால், விற்கிறீர்களோ வைத்துக்கொள்கிறீர்களோ, முதலில் எடை போடுங்கள். அடி, உட்புறம், மூடி, பேர் வெட்டு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதி வையுங்கள். பெரியம்மாவோ சித்தப்பாவோ நன்றாக நினைவோடு இருக்கும்போதே கேளுங்கள். எழுதிய தாளைப் பொருளோடு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் வளையம் போடாதீர்கள்; அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.